கேக் எங்கே? குழந்தையின் நாட்களைக் குறித்து வைக்க ஒரு செய்முறை

என் மகள் மூன்று வயது வரை சப்பாத்தியை 'பச்சாத்தி' என்றுதான் சொன்னாள். வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். ஒரு நாள் அவள் 'சப்பாத்தி' என்று சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அது எந்த நாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் எப்போதோ கிறுக்கி வைத்ததால் மட்டுமே அந்தச் சொல் இன்று எங்களிடம் இருக்கிறது.

முதல் அடி எடுத்து வைத்ததற்கு வீடு முழுக்கச் சாட்சிகள் உண்டு. பச்சாத்திக்கு யாரும் சாட்சி இல்லை. அது சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடும். அதனால் இந்தச் செய்முறையில் பெரிய நிகழ்வுகளைவிடச் சின்னவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஓர் இடம்

கெட்டி அட்டை போட்ட கோடு போட்ட நோட்டு போதும். படங்களும் கட்டங்களும் அச்சிட்ட குழந்தைப் பதிவேடுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'முதல் சிரிப்பு: தேதி' என்ற கட்டம் காலியாகக் கிடந்தால், அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் இருக்கும். பிறகு நோட்டைத் திறக்கவே மனம் வராது.

எழுதுவதற்குப் பால்பாயின்ட் பேனா நல்லது. சில ஜெல் பேனாக்களின் மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் படாத பொருள் ஏது?

நோட்டு இருக்கும் இடம் மிக முக்கியம். பீரோவுக்குள் வைத்தால் அது அங்கேயே இருந்துவிடும். எங்கள் வீட்டில் பிரிட்ஜின் மேல், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருக்கிறோம். என் கணவர், மாமியார், மாமனார் யாராக இருந்தாலும் எழுதலாம். அடியில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் பாட்டி என்றால், நல்ல பதிவுகள் அவரிடமிருந்துதான் வரும்.

இரண்டாம் படி: அன்றிரவே மூன்று வரி

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

'இன்று பாப்பா பயங்கரச் சுட்டி. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.'

ஐந்து ஆண்டுகள் கழித்துப் படித்தால் இதில் ஒன்றும் இருக்காது. நீங்கள் சிரித்தது மட்டும் இருக்கும், சிரிக்க வைத்தது இருக்காது. அதே நாளைப் பற்றி நோட்டில் நான் எழுதியது இது:

'ஜூன் 12. வயது 2 ஆண்டு 10 மாதம். ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போனது. தாத்தா மெழுகுவர்த்தி ஏற்றினார். இவள் ஊதி அணைத்துவிட்டுக் கை தட்டினாள். தாத்தா மறுபடி ஏற்றினார், மறுபடி ஊதினாள். மூன்றாவது தடவை இருட்டில் கேட்டாள்: கேக் எங்கே? தாத்தா பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.'

தேதி, வயது, அதற்கு முன் என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள், குழந்தை சொன்னது என்ன. இவை இருந்தால் போதும். வருணனை வேண்டாம். 'அழகாக', 'செல்லமாக' போன்ற சொற்களை எடுத்துவிட்டால் குழந்தை தெளிவாகத் தெரியும். வயதை ஆண்டும் மாதமுமாக எழுதுங்கள். 'இரண்டரை வயது இருக்கும்' என்பது பிற்காலத்தில் உதவாது.

நாளைக்கு எழுதலாம் என்று விட்டால், நடந்தது நினைவிருக்கும், சொன்ன சொல் நினைவிருக்காது. குழந்தை தூங்கிய பிறகு எழுதக்கூட முடியாத களைப்பா? 'கரண்ட், மெழுகுவர்த்தி, கேக்' என்று மூன்று சொல்லைப் போனில் தட்டி வையுங்கள். காலையில் அதிலிருந்து முழுவதையும் மீட்டுவிடலாம்.

மூன்றாம் படி: குழந்தையின் சொல்லைத் திருத்தாதீர்கள்

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். காதில் விழுந்தபடியே எழுதுங்கள். குதிரை 'குருதை' ஆனால் குருதைதான். பக்கத்தில் சிறிதாகப் பொருளைக் குறித்தால் போதும். 'ர' வராமல் 'யயில்' என்று ரயிலைச் சொல்லும் காலம் ஒன்று உண்டு. 'ழ' பல குழந்தைகளுக்கு இன்னும் தாமதமாகத்தான் வரும். இவையெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்வது உங்கள் நோட்டில் மட்டுமே தெரியும்.

காலம் பற்றிய சொற்களைக் கவனியுங்கள். என் மகனுக்கு இப்போது மூன்று வயது. நடந்தது, நடக்கப்போவது எல்லாமே அவனுக்கு 'நாளைக்கு'தான். 'நாளைக்குத்தான் ஊருக்குப் போனோம்' என்கிறான். சிரித்துவிட்டுத் திருத்தலாம், தவறில்லை. ஆனால் திருத்துவதற்கு முன் எழுதிவிடுங்கள்.

சார்லஸ் டார்வின் 1839-ல் பிறந்த தன் முதல் குழந்தையைப் பற்றி இப்படித்தான் நாட்குறிப்பு வைத்திருந்தார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1877-ல், அதிலிருந்து எடுத்து 'மைண்ட்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைக்குச் சரியாக ஒரு வயது ஆனபோது உணவுக்கு அதுவாகவே ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டது என்று அதில் இருக்கிறது. அந்தச் சொல் 'மம்'. நம் வீடுகளில் சோற்றுக்கு 'மம்மம்' என்று சொல்லியே ஊட்டுகிறோம். அதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அன்றே குறித்து வைத்ததால்தான் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த ஒற்றை அசை அவரிடம் இருந்தது.

நான்காம் படி: வளர்ச்சிப் படிகள்

தலை நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது, உட்காருவது, பிடித்துக்கொண்டு நிற்பது, தத்தி நடப்பது. இவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியே ஒரு பட்டியல் போடுங்கள்.

இதைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் செங்கீரை என்பது ஐந்தாம் மாதத்தை ஒட்டியது: ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. சப்பாணி கை கொட்டும் பருவம். வாரானை தளர்நடையிட்டு வரும் பருவம். பாயில் கிடக்கும் குழந்தையை மணிக்கணக்கில் பார்த்த கண்கள்தான் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும். என் நோட்டில் இந்தப் பெயர்களையே தலைப்பாக வைத்துக்கொண்டேன்.

பல் முளைத்ததற்குக் கொழுக்கட்டை செய்யும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், யார் செய்தார்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலைப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோலின்படி, பிடிமானமின்றித் தானாக நடப்பது ஏறத்தாழ எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் அந்தக் கணக்கையும் கழித்துப் பார்க்க வேண்டும். உண்மையில் கவலை எழுந்தால் மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். 'எப்போது உட்கார்ந்தது?' என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்ல முடிவது பெரிய உதவி. எடை, தடுப்பூசி விவரங்கள் தாய் சேய் நல அட்டையில் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்தால் போதும், மறுபடி எழுத வேண்டாம்.

உயரத்துக்கு இரண்டு வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளிலும் கோடு போடலாம். செருப்பில்லாமல் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் கெட்டியான புத்தகத்தைச் சமமாக வைத்துக் குறிக்க வேண்டும். வாடகை வீட்டில் சுவரில் போடாதீர்கள். நாங்கள் வீடு மாறியபோது இரண்டு கோடுகளைச் சுவரோடு விட்டுவிட்டு வந்தோம். இப்போது ஒரு நீளமான மரப்பலகையில் குறிக்கிறோம்.

ஐந்தாம் படி: குரலும் படமும்

எல்லோரும் படம் எடுக்கிறார்கள், குரலை மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒரு முறை, சாப்பிடும்போதோ விளையாடும்போதோ, போனைக் கவிழ்த்து வைத்து இரண்டு நிமிடம் குரலைப் பதிவு செய்யுங்கள். 'பாட்டிக்குப் பாடிக் காட்டு' என்று கேட்டால் வராதது, தனியாகப் பொம்மையோடு பேசும்போது வரும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2024-06-12 மெழுகுவர்த்தி' என்பதுபோல. அப்போது எல்லாம் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

பிரதி எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். என் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தபோது மகளின் பதினான்கு மாதப் படங்கள் போயின. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தும் திரும்பவில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிறேன். இணையச் சேமிப்பில் ஒரு பிரதி. நோட்டுப் பக்கங்களையும் படம் எடுத்து அதோடு சேர்க்கிறேன்.

ஆறாம் படி: எதை வெளியில் காட்டக் கூடாது

குளிக்கும் படம், அழும் படம், பள்ளியின் பெயர் தெரியும் சீருடைப் படம் ஆகியவை வீட்டோடு இருக்கட்டும். குழந்தை வெட்கப்பட்ட சம்பவத்தை உறவினர் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட வேண்டாம். அது அவர்களின் வாழ்க்கை, நாம் எழுதி வைப்பவர்கள் மட்டுமே.

இடையில் விட்டுப்போனால்

விட்டதைப் பின்னோக்கி நிரப்ப முயலாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு இன்றைய மூன்று வரியை எழுதுங்கள். என் மகன் பிறந்த பிறகு ஏழு மாதம் ஒரு வரிகூட இல்லை. அடுத்த பக்கம் 'இன்று அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான், அவள் அழாமல் சிரித்தாள்' என்று தொடங்குகிறது.

ஏழாம் படி: வாசித்துக் காட்டுங்கள்

ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்தநாள் இரவில், குழந்தைக்கு அந்த ஆண்டின் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். சென்ற முறை மெழுகுவர்த்திக் கதையைத் திரும்பக் கேட்ட என் மகள், "தாத்தா என்ன பிஸ்கட் கொடுத்தார்?" என்றாள். நான் எழுதியிருக்கவில்லை. தாத்தாவிடமே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்து, என் வரிகளுக்குக் கீழே 'மேரி பிஸ்கட்' என்று தன் கையால் எழுதினாள். பக்கத்தில் மூன்று அடுக்கில் ஒரு கேக் வரைந்தாள். தேதி போடச் சொன்னேன். போட்டுவிட்டு, அடியில் தன் பெயரின் முதல் எழுத்தையும் போட்டாள்.