தூண் விழும்போதே பாயுங்கள்

வீடியோ கேம் பந்தயத்தின் எரிமலைத் தடத்தில் மேலும் கீழும் இடிக்கும் இரும்புத் தூண் எதிரே வந்தால், பக்கத்தில் போய் நின்று அது எழக் காத்திருக்க வேண்டாம். சற்றுத் தள்ளியே வேகத்தை லேசாகக் குறைத்து, தூண் 'டம்' என்று தரையில் மோதும் நொடியில் முழு வேகத்தில் பாயுங்கள். போய்ச் சேர்வதற்குள் வழி திறந்துவிடும். இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே தாளத்தில் இயங்குபவை. அதோடு, அடியோடு நின்று மறுபடி வேகம் பிடிப்பதில்தான் நேரம் நிறையப் போகிறது. எவ்வளவு தள்ளிக் கிளம்ப வேண்டும் என்பதை முதல் சுற்றிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லாவா வெளிச்சத்தில் கண் ஏமாறும், சத்தத்தை நம்புங்கள்.

ஆள் கிட்டே வந்தால் மட்டும் விழும் தூண்களுக்கு இது சரிப்படாது. பின்னாலிருந்து லாவா துரத்தும் பகுதியிலும் வேகத்தைக் குறைக்கவே கூடாது.