கோதுமைக் கதிர் சென்ட்: புழங்கித் தேய்ந்ததா, பிறவியிலேயே மழுங்கலா?

1909 முதல் 1958 வரை வந்த அமெரிக்க லிங்கன் சென்ட்டுகளின் பின்பக்கத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருக்கும். தரம் பார்க்கப் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அந்தக் கதிர்களின் கோடுகளைத்தான். கோடுகள் அறவே இல்லையென்றால் ஜி. (‘குட்’) 4; எண் ஏற ஏறத் தரமும் உயரும். மேல்பகுதியில் பாதி தெரிந்தால் வி.ஜி. (‘வெரி குட்’) 8. தேய்ந்தும் தெரிந்தால் எஃப். (‘ஃபைன்’) 12. தட்டையான இடமே இல்லாவிட்டால் வி.எஃப். (‘வெரி ஃபைன்’) 20. கோடுகள் ஒவ்வொன்றும் பிரிந்து நின்றால் எக்ஸ்.எஃப். (‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’) 40. நன்றாக அச்சான நாணயத்துக்கு இந்த அளவுகோல் போதும். 1920களில் டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலைகளில் அடித்த பல சென்ட்டுகளுக்கு இது உதவாது. யார் கையிலும் புழங்காத நாணயத்திலேயே கதிர் வழுவழுவென்று இருக்கும். கோட்டை மட்டும் எண்ணுகிறவர் நல்ல ஏ.யு. (ஏறக்குறையப் புழங்காத) நாணயத்தை எஃப். விலைக்கு விற்றுவிடுவார்.

விவரம் காணாமல் போகக் காரணங்கள் மூன்று. முதலாவது, அடி பலமாக விழாதது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இடைவெளி சற்று கூடினாலும் உலோகம் அச்சின் ஆழமான குழிகளுக்குள் போய்ச் சேராது. இரண்டாவது, அச்சே தேய்ந்துபோனது. ஒவ்வொரு அடியிலும் வெண்கலம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து எஃகு அச்சை அரிக்கிறது. எழுத்துகளின் ஓரங்கள்தான் முதலில் கெடும். மூன்றாவது, அச்சின் குழியில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொள்வது. இந்த மூன்றிலும் உலோகம் அந்த இடத்துக்கு வரவே இல்லை. புழக்கத்தில் தேய்ந்த நாணயத்திலோ இருந்த உலோகம் போய்விட்டது. ஆகவே எவ்வளவு விவரம் மிஞ்சியிருக்கிறது என்பதைவிட, விவரம் இல்லாத இடத்தின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

அதைப் பார்க்க ஒரே ஒரு விளக்கு போதும். அறையின் மற்ற வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். 5 முதல் 7 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் எடுங்கள். 10 மடங்கு லென்ஸை ஐயம் வந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே அதை எடுத்தால் சின்னக் கீறல்கூடப் பெருங்குற்றமாகத் தெரியும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சிலிருந்து வந்த பளபளப்பு உயிரோடு இருந்தால் ஒளிக்கற்றை சக்கரத்தின் ஆரக்கால்போல மேற்பரப்பில் சுற்றி வரும்.

இப்போது முகப்பக்கத்தில் லிங்கனின் கன்னத்து எலும்பையும் தாடையையும் பாருங்கள். பின்பக்கத்தில் கதிர்களின் நுனி. உண்மையான தேய்மானம் இங்கேதான் தொடங்கும். சுற்றும் ஒளி இந்த மேடுகளைத் தொடும்போது அறுந்துபோனால், அங்கே மட்டும் நிறம் மங்கிச் சாம்பல் கலந்த பழுப்பாக மாறியிருந்தால், அது புழக்கத்தின் வேலை. ஒளி அறுபடாமல் மேட்டின் மேலேறிப் போனால், விவரம் எவ்வளவு மழுங்கியிருந்தாலும் அது தேய்மானம் அல்ல.

அடுத்து தோள்பட்டை. அடி மெலிந்த நாணயத்தில் இங்கே பொடிப்பொடியான பள்ளங்களும் எந்தத் திசைக்கும் கட்டுப்படாத சிறு கீறல்களும் இருக்கும். அச்சடிப்பதற்கு முன் வெற்று வில்லையில் இருந்த தழும்புகள் அவை; முழு அழுத்தம் கிடைத்திருந்தால் நசுங்கி மறைந்திருக்கும். இவற்றைப் புழக்கத்தில் பட்ட அடி என்று எண்ணித் தரத்தைக் குறைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பள்ளத்தின் உட்புறமும் சுற்றுப்புறமும் ஒரே நிறமாக இருந்தால் அது வில்லைத் தழும்பு. பிற்பாடு பட்ட அடி கூர்மையான ஓரத்தோடும், பெரும்பாலும் வேறு நிறத்தோடும் இருக்கும். தோளுக்கு நேர் பின்னால் வருவது ‘ஒன்’ என்ற சொல்லின் ‘ஓ’. உலோகம் தோளை நிரப்பப் போய்விடுவதால் அந்த ‘ஓ’ பல நாணயங்களில் சப்பையாக இருக்கும். அதையும் தேய்மானக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1918 முதல் தோளின் கீழ் ஓரத்தில் இருக்கும் வி.டி.பி. என்ற, வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகளும் அப்படியே.

தேய்ந்த அச்சை எழுத்துகளே காட்டிக்கொடுக்கும். ‘லிபர்ட்டி’யின் எழுத்துகளும் ஆண்டின் எண்களும் தடித்து, ஓரம் கரைந்து, விளிம்பை நோக்கி இழுபட்டிருக்கும். வெற்றுப் பரப்பில் நடுவிலிருந்து வெளியே ஓடும் நுண்ணிய வரிகள் தெரியும். சில நாணயங்களில் பரப்பே ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். இந்த வரிகளைத் துடைத்த தடம் என்று நினைத்து நல்ல நாணயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அச்சு வரிகள் ஆரக்கால்போல வெளிநோக்கிப் பரவும். துடைத்த கீறல்கள் ஒரு பக்கமாக இணையாக ஓடி, எழுத்துகளின் மேலும் ஏறிச் செல்லும்.

புழங்கிய நாணயத்தில் பளபளப்பு போய்விட்டதால் ஒளியை நம்ப முடியாது. அங்கே இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். கைமாறும் நாணயம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேயும். முகப்பக்கத்தில் கன்னமும் தாடையும் பிரிந்து வி.எஃப். போல நிற்க, பின்பக்கக் கதிர்கள் வி.ஜி. போலத் தெரிந்தால் குற்றவாளி அச்சுதான். விளிம்பையும் பாருங்கள்: உயரமாக, முழுதாக நிற்கும் விளிம்புக்குள்ளே கோடில்லாத கதிர் இருந்தால் அது புழக்கத்தால் வந்ததல்ல. ஆனால் அடி மெலிந்தால் விளிம்பும் தாழலாம். எனவே தாழ்ந்த விளிம்பை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் உரைகல் 1922. அந்த ஆண்டு சென்ட் அடித்தது டென்வர் மட்டும்தான். ஆகவே எல்லா நாணயத்திலும் ஆண்டுக்குக் கீழே டென்வரைக் குறிக்கும் ‘டி’ இருந்திருக்க வேண்டும். அது மறைந்த நாணயங்கள் மூன்று அச்சு இணைகளிலிருந்து (முகப்பக்க அச்சும் பின்பக்க அச்சும் சேர்ந்தது ஓர் இணை) வருகின்றன. சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிப்பது இரண்டாவது இணையை. அதில் பின்பக்கம் கூர்மையாக இருக்கும், ஆண்டில் இரண்டாவது ‘2’ முதல் ‘2’ஐவிடத் தெளிவாக இருக்கும், முகப்பக்க வாசகத்தின் ‘டிரஸ்ட்’ என்ற சொல்லும் தெளிவாக இருக்கும். மற்ற இரண்டிலும் பின்பக்கம் மங்கல். மங்கலான அந்தக் கதிர்களை வைத்துத் தரம் சொன்னால் நிச்சயம் தவறும். முகப்பக்கத்தின் மேடுகளையும் நிறத்தையும் கொண்டே சொல்ல வேண்டும். ‘டி’யைச் சுரண்டி எடுத்த போலிகளும் உண்டு. ஆண்டுக்குக் கீழே 10 மடங்கு லென்ஸை வைத்து, பரப்பு அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பள்ளமோ, தனி மினுக்கமோ தெரிந்தால் வாங்க வேண்டாம்.

பார்ப்பதற்கு முன் நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள். மேலே சொன்ன சாட்சிகள் எல்லாம் முடியிழையைவிட மெல்லிய மேல்தோலில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி, கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டுத் தானாக உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் வேறு சேர்மானங்கள் இருக்கும்.

முடிவை எழுதும்போது தரத்தைத் தேய்மானத்தை மட்டும் வைத்துச் சொல்லி, அடியையும் அச்சையும் தனியாகக் குறிப்பிடுங்கள்: “1925 டி, ஏ.யு. 55, அடி மெலிவு, அச்சுத் தேய்வு” என்பதுபோல. விலை இவற்றால் குறையும், அது நியாயமே. புழங்காத நாணயங்களுக்கான எம்.எஸ். (‘மின்ட் ஸ்டேட்’) வரிசையில் 65ஐ எட்ட அடியின் தெளிவும் வேண்டும். ஆனால் விலையில் கழிக்க வேண்டியதைத் தரத்தில் கழித்துவிட்டால், அடுத்து வாங்குகிறவர் அதே குறைக்கு இன்னொரு முறை கழிப்பார்.