சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை: அணுகல் புகார்களைத் தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளிகள் ஓர் இடத்துக்குள் போய்வரத் தடையாக இருப்பவற்றைப் பற்றிய புகார்களை நாங்கள் தொகுக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டியலில் ஓர் அரசு அலுவலகத்தைப் பற்றிய புகார் இருந்தது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் கொடுத்த மனு. "படி மட்டுமே உள்ளது, சாய்தளம் வேண்டும்" என்று ஒரு வரி. பதிலும் ஒரே வரிதான்: "சாய்தளம் அமைக்கப்பட்டுவிட்டது." தீர்ந்தது என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விட்டோம்.

அப்புறம் வேறு வேலையாக அங்கே போனபோதுதான் பார்த்தேன். அரை அடி உயரத்தில் நான்கு படிகள், ஆக 2 அடி ஏற்றம். 1:12 என்ற சரிவுக்கு, அதாவது ஓர் அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்குக்கு, 24 அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும். அங்கே இருந்தது 6 அடி. கைப்பிடி கிடையாது. ஏறி முடித்த இடத்தில் நாற்காலி நிற்கச் சமதளமும் இல்லை, நேராகக் கதவு. மனு கொடுத்தவர் அந்த அலுவலகத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். எங்கள் அறிக்கையில் மட்டும் அவர் வெற்றிக் கணக்கில் இருந்தார்.

புகார்த் தரவு சேகரிப்பில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: கோப்பு மூடப்பட்டதைக் குறை தீர்ந்ததாக எடுத்துக்கொள்வது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் ஒரு பரிந்துரை கொடுத்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி நடவடிக்கை எடுத்து 3 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதாவது புகார் பதிவானது, விசாரித்தது, பரிந்துரை வந்தது, பதில் வந்தது என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் படி. இவற்றுக்கெல்லாம் ஒரே கட்டம் வைத்தால் எந்தப் படியில் மனு தேங்கியது என்றே தெரியாது. எங்கள் படிவத்தில் இப்போது கடைசியாக ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "நேரில் பார்த்தது யார், எந்தத் தேதியில்?" அது காலியாக இருந்தால் அந்தப் புகாரைத் தீர்ந்ததாக எண்ணுவதில்லை.

அடுத்தது, எதை ஒன்று என்று எண்ணுவது? கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் குழம்புகின்றன. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒருவர் ஒரே கோரிக்கையை மூன்று வாரம் கொடுக்கிறார். மூன்று மனு எண்கள் கிடைக்கின்றன. அதன் நகலை மாநில ஆணையருக்கும் அனுப்புகிறார், நான்காவது எண். இன்னொரு பக்கம், ஒரு பேருந்து நிலையத்தைப் பற்றி 40 பேர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு ஒரே எண். அந்த ஒரு மனுவுக்குள் கழிப்பறை, நடைமேடை, அறிவிப்புப் பலகை என்று மூன்று குறைகள். எண்களை மட்டும் கூட்டினால் முன்னவர் நான்கு, பின்னவர்கள் ஒன்று. ஆகவே மனு, மனுதாரர், இடம், குறை ஆகிய நான்கையும் தனித்தனியாக எண்ணுங்கள். அறிக்கையில் எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. கட்டட அணுகல் குறைக்காக நோட்டீஸ் அனுப்பும் அல்லது வழக்குப் போடும் வழக்கறிஞர், அதன் நகலை மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் அணுகல் ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று 2012-இல் சட்டம் வந்தது. எந்த வகைக் குறை அதிகம் வருகிறது என்று ஆணையம் எண்ணி வெளியிடுகிறது. நல்ல ஏற்பாடு, நமக்கும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவை வழக்கில் சொல்லப்பட்ட குறைகள், நீதிமன்றம் உறுதிசெய்தவை அல்ல. அங்கே 12 மாதத்தில் 10 அல்லது அதற்கு மேல் வழக்குப் போடுபவரைத் தனி வகையாகவே 2015-இன் சட்டம் பிரித்திருக்கிறது. ஆக, ஒரு நகரத்தில் வழக்கு எண்ணிக்கை ஏறினால் அங்கே தடைகள் கூடிவிட்டன என்று உடனே சொல்ல முடியாது. சிலரே நிறைய வழக்குப் போட்டிருக்கலாம்.

நம் ஊரில் இதன் மறுபக்கம்தான் பெரிய சிக்கல். புகார் இல்லாத மாவட்டத்தைக் குறை இல்லாத மாவட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். புகார் வாங்கும் அறை மாடியில் இருந்தால், படிவம் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் மென்பொருள்) படிக்க முடியாத ஸ்கேன் படமாக இருந்தால், உதவிக்குத் தொலைபேசி எண் மட்டுமே கொடுத்திருந்தால் யாரால் புகார் தர முடியும்? நடக்க முடியாதவரும் பார்வையற்றவரும் காது கேளாதவரும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்காக அம்மா மனு கொடுத்தால், "மனுதாரருக்கு மாற்றுத்திறன் இல்லை" என்று பதிந்துவிடுவார்கள். மனு கொடுத்தவர் யார், பாதிக்கப்பட்டவர் யார் என்று இரண்டு கட்டம் வேண்டும். பூஜ்ஜியம் என்று எழுதும் இடத்தில், அங்கே புகார் தர என்னென்ன வழி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தனியார் இடங்களை விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. துணிக்கடை, மருத்துவமனை, திருமண மண்டபம் பற்றி வரும் புகாரை "இது அரசு கட்டடம் இல்லையே" என்று ஒதுக்கிவைக்கிறார்கள். 2016 சட்டம் பொதுக் கட்டடம் என்று சொல்லும்போது, அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் எல்லாவற்றையும்தான் சொல்கிறது. புதிய கட்டடத்துக்கு 44-ஆம் பிரிவு, ஏற்கெனவே இருப்பதற்கு 45, சேவை தருபவர்களுக்கு 46. விதிகள் 2017 ஜூனில் வந்தன. பழைய கட்டடங்களை மாற்ற அதிலிருந்து 5 ஆண்டு அவகாசம், அதுவும் 2022-இல் முடிந்துவிட்டது. கட்டடம் எப்போது கட்டியது என்ற ஒரு தகவல் இல்லாவிட்டால், எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அளவு எழுதாமல் விடுவதும் அப்படித்தான். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளைப் பற்றிய 2017 விதிகளின் 15(1)-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, அந்த விதி சுட்டும் வழிகாட்டுதல்கள் வெறும் பரிந்துரையாக ஆக்கிவிட்டன என்பது காரணம். கட்டாயமான அளவுகளைத் தனியே வகுக்கச் சொன்னது. அளவுகோலே மாறும் காலத்தில் "சாய்தளம் சரியில்லை" என்ற பதிவு எதற்கும் உதவாது. "ஏற்றம் 2 அடி, நீளம் 6 அடி, கைப்பிடி இல்லை" என்று எழுதியிருந்தால் எந்த விதி வந்தாலும் அதோடு ஒப்பிடலாம். ஒரு டேப்பும் ஒரு போட்டோவும் போதும். 2024-க்கு முன்னும் பின்னும் வந்த புகார்களை ஒரே வரைபடத்தில் போட்டால் இந்தத் தீர்ப்பையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

சதவீதத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. 4 புகார் 6 ஆனால் 50 சதவீதம் கூடியது என்று தலைப்புப் போடாதீர்கள், 4 என்றும் 6 என்றும் எழுதினாலே போதும்.

பெயரை எடுத்துவிட்டோம், இனி அடையாளம் தெரியாது என்று நினைப்பதும் தவறு. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஒரு சிற்றூரின் பெயரைப் போட்டு, "பெண், 34 வயது, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்" என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். அவர் யார் மீது புகார் சொன்னார் என்பதும் தெரியும். எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவான இடங்களில் ஊருக்குப் பதிலாக மாவட்டத்தைப் போடுங்கள், வயதுக்குப் பதிலாக வயது வரம்பைப் போடுங்கள். மனுவோடு வந்த ஆதார் நகலையும் யுடிஐடி அட்டையையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கடைசியாக, அறிக்கையை யார் படிக்க முடியும்? எங்கள் முதல் அறிக்கையை யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கினோம். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பார்வையற்ற நண்பர் ஒருவர் மறுநாள் கூப்பிட்டார். "அண்ணா, உங்க அறிக்கையைத் திறந்தா ஏதோ ஆங்கில எழுத்தா வரிசையா வாசிக்குது. என் புகார் அதுல இருக்கா இல்லையா?" அவர் புகார் 11-ஆம் பக்கத்தில் இருந்தது. இப்போது எல்லாமே யூனிகோடில்தான். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் அட்டவணையாகவே வைக்கிறோம், நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டும் வரைபடத்துக்குக் கீழே எண்களையும் எழுதுகிறோம். முடிந்ததும் கோப்பு முதலில் அந்த நண்பரின் கணினிக்குப் போகிறது. "சரி, படிக்குது" என்று அவர் சொன்ன பிறகுதான் ஆணையர் அலுவலகத்துக்கு.