ரத்தப் புற்றுநோயும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பங்கைப் பற்றி எழுதுகிறவர்களும் ஆராய்கிறவர்களும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எம்.ஆர்.என்.ஏ. என்பது தூது ஆர்.என்.ஏ. மரபணுவில் இருக்கும் செய்தியைப் புரதம் தயாராகும் இடத்துக்குக் கொண்டுபோவது அது. மைக்ரோ ஆர்.என்.ஏ. வேறு ஆள். சுமார் 22 எழுத்து (ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணிதான் ஓர் எழுத்து) நீளம்தான், அதிலிருந்து எந்தப் புரதமும் பிறப்பதில்லை. ஆர்கோனாட் என்ற புரதத்தோடு சேர்ந்துகொண்டு, தனக்குப் பொருந்துகிற தூதைப் பிடித்துச் சிதைய வைக்கும், இல்லையென்றால் புரதமாகவிடாமல் தடுக்கும். 1993இல் ஒரு சின்னப் புழுவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் அதற்காக நோபல் பரிசு கிடைக்க 2024 ஆகிவிட்டது.

"மரபணுவை அணைத்துவிடுகிறது" என்று எழுதுவது அடுத்த தவறு. மைக்ரோ ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. தூதின் அளவைக் குறைக்கிறது, அதுவும் பெரும்பாலும் கொஞ்சம்தான். குழாயை லேசாகத் திருகிவிடுகிற மாதிரி. ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான குழாய்களைத் திருகும். இலக்கைத் தேடும்போது முக்கியமாக அதன் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் பொருந்தினால் போதும் என்பதுதான் காரணம். அதனால் கணினி நிரல் தரும் இலக்குப் பட்டியலை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சரி, லுகேமியாவுக்கு, அதாவது ரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களில் வரும் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அங்கே எந்தப் புற்றுநோய்த் தடுப்பு மரபணு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் வெகுநாள் தேடினார்கள். 2002இல் கார்லோ குரோச்சேயின் குழு அங்கே கண்டது மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ('மிர்' என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்). செல் சாகாமல் காக்கிற பி.சி.எல்.2 புரதத்தை இவை அடக்குகின்றன என்பது 2005இல் தெரிந்தது. இவை போனால் பி.சி.எல்.2 பெருகும், சாக வேண்டிய செல் சாகாது. கதை அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

"தடுப்பான் போய்விட்டது, ஆகவே நோய் கடுமையாக இருக்கும்" என்று எழுதுவார்கள். நடப்பது நேர்மாறு. வேறு குறைபாடு எதுவும் இல்லாமல் இந்த 13க்யூ துண்டு (13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இருப்பது) மட்டும் இல்லாத நோயாளிகளுக்குத்தான் நோய் பொதுவாக மெதுவாகப் போகிறது. இந்தப் பகுதியை நீக்கிய எலிகளிலும் எல்லாவற்றுக்கும் நோய் வரவில்லை. நோய் உருவாக உதவுவது ஒன்று, உருவான பிறகு அது எப்படிப் போகும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஒவ்வொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் 'நல்லது', 'கெட்டது' என்று முத்திரை குத்துவது. மிர்-155 விஷயத்தில் முத்திரை ஓரளவு ஒத்துப்போகும். பி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் அதை மிகையாக உருவாகவைத்த எலிகளுக்கு ரத்தப் புற்று வந்ததை 2006இல் காட்டினார்கள். மிர்-29இல் அது நொறுங்கிவிடுகிறது. தீவிர மைலாய்டு லுகேமியா (வேகமாக வளரும் இன்னொரு வகை ரத்தப் புற்று) செல்களில் மிர்-29பி, டி.என்.ஏ.வில் மெதைல் ஒட்டும் நொதிகளையும் பி.சி.எல்.2 போலவே செல் சாகாமல் காக்கிற எம்.சி.எல்.1 புரதத்தையும் குறைக்கிறது, அதாவது நோய்க்கு எதிராக வேலை செய்கிறது. அதே குடும்பத்து மிர்-29ஏ எலிகளின் ரத்த மூலச் செல்களில் மிகுந்தபோது தீவிர மைலாய்டு லுகேமியாவையே உண்டாக்கியது. எந்தச் செல், எந்தக் கட்டம், எவ்வளவு என்று சொல்லாத வாக்கியத்தை நான் நம்புவதில்லை.

அளவிடும்போது வரும் தவறு அலுப்பானது, ஆனால் ஆய்வையே கெடுக்கும். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளக்க மிர்-16ஐ ஒப்பீட்டு அளவுகோலாக வைப்பது வழக்கம். சிவப்பணுக்களில் அது ஏராளம். மாதிரி எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலும் அளவுகோலே நகர்ந்துவிடும். மிர்-16 குறைகிற ஒரு நோயை ஆராயும்போது அதையே அளவுகோலாக வைப்பது எப்படிச் சரியாகும்? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் உள்ள குழாயில் எடுத்த ரத்தமும், ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். சோதனையைத் தடுக்கும்.

கடைசியாகச் சிகிச்சை. பி.சி.எல்.2ஐத் தடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவுக்கு அனுமதி பெற்றது. இதை 'மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது புரதத்தோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு, அவ்வளவுதான். உண்மையான மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்தாக மனிதர்களில் சோதிக்கப்பட்ட, செயற்கையாகச் செய்த மிர்-34 நகலின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் அதே 2016இல் நிறுத்தப்பட்டது.