பரணில் தப்பிய ரெக்கார்டு நம் கையில் சாகக்கூடாது

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். தார்ப்பாயில் கொட்டியிருந்த சாமான்களுக்கு நடுவே, ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த நாலு கிராமபோன் தட்டுகளை உருவி எடுத்து, பேசி, காசும் கொடுத்துவிட்டான். முகமெல்லாம் சந்தோஷம். அப்புறம் தோள்பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்தான். கைக்குட்டையை நனைத்து முதல் தட்டின் மேல் வைக்கப் போனவனின் கையை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். முன்பின் தெரியாதவன் கையைப் பிடித்தால் யாருக்கும் கோபம் வரும். அவனுக்கும் வந்தது. ஆனால் நான் ஏன் பிடித்தேன் என்று சொல்லி முடித்தபோது அந்த பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டான்.

பழைய ரெக்கார்டு தேட வருகிற புதியவர்கள் ஒவ்வொருவரும், நான் செய்து நொந்த தவறுகளையே வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். விடியக்காலையில் போங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வாரம் சந்தைக்குப் போனால் தானாக வந்துவிடும். தானாக வராதவை சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நான் சேர்க்கத் தொடங்கிய முதல் வருஷம். ஒரு சந்தையில் ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டு ஒன்று கிடைத்தது. பத்து அங்குலம், நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் ராக ஆலாபனையின் முதல் பாகம், மறுபக்கம் இரண்டாம் பாகம். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும் என்பதால் ஆலாபனையைப் பாதியில் நிறுத்தி, திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். தட்டில் ஒரு கீறல் கிடையாது. தூசி மட்டும் வரிகளுக்குள் அப்பிக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் போட்டுக் கேட்டிருக்கலாம். தூசியோடு போட்டால் முள் கெடும், தட்டும் கெடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதனால் முதலில் சுத்தம் செய்வோம் என்று மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தேன். எல்பி என்கிற, நீண்ட நேரம் ஓடுகிற ரெக்கார்டை ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்கிற வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம்.

முதல் இழுப்பிலேயே வெள்ளைப் பஞ்சு கருப்பாக வந்தது. எத்தனை வருஷத்து அழுக்கு என்று எனக்கு ஒரே திருப்தி. பஞ்சை மாற்றினேன். மறுபடியும் கருப்பு. விடாமல் தேய்த்தேன். ஆறு பஞ்சோ ஏழு பஞ்சோ. ஒன்றுகூட வெள்ளையாக வரவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால் தட்டின் மேல் மினுமினுப்பே இல்லை. சிலேட்டுப் பலகை மாதிரி மங்கிக் கிடந்தது. விரலை வைத்தால் லேசாக ஒட்டியது. முள்ளை வைத்தேன். எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம். அதற்கு அடியில் எங்கேயோ தூரத்தில் நாயனம். கொஞ்சம் போனதும் அதுவும் இல்லை.

பஞ்சில் வந்த கருப்பு அழுக்கல்ல. அந்தத் தட்டேதான்.

எனக்கு விஷயத்தை விளக்கியவர் தெருமுனையில் மரவேலை செய்த ஆசாரி. தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார். "தம்பி, இது அரக்கு ஆச்சே. அரக்கைக் கரைக்கத்தான் நாங்க ஸ்பிரிட் ஊத்துறோம்" என்றார். அவர் பட்டறையிலேயே ஒரு பாட்டில் இருந்தது. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் தேன் நிறத்தில் பாலீஷ் தயார். கதவுக்கும் நாற்காலிக்கும் அதைத்தான் பூசுகிறார்கள்.

பழைய 78 தட்டுகள் இப்போது நாம் வினைல் என்கிற பிளாஸ்டிக்கில் செய்தவை அல்ல. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கிற பிசின்தான் அதன் உயிர். அதோடு கல்தூளும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தி எடுப்பார்கள். அரக்குதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆல்கஹால் பட்டால் அது இளகும். பாட்டு இருப்பது நூலிழை போன்ற மெல்லிய பள்ளத்தில். அதன் சுவர் இளகினால் பாட்டு போயிற்று. பிறகு எந்த நிபுணராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

இதில் எனக்குத் தீராத எரிச்சல், எல்பிக்குச் சொன்ன வைத்தியத்தை எல்லாத் தட்டுக்கும் சேர்த்துச் சொல்வதுதான். நீர் கலந்த ஆல்கஹால் வினைல் தட்டை ஒன்றும் செய்யாது, உண்மை. ஆனால் "ரெக்கார்டு" என்ற ஒரே பேரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. நம் ஊரில் 1960களிலும் சினிமாப் பாட்டு 78 தட்டில் வந்துகொண்டிருந்தது. ஆகவே சந்தையில் கைக்குக் கிடைக்கிற குவியலில் இரண்டும் கலந்தே இருக்கும். சானிடைசர், சென்ட், கண்ணாடி துடைக்கிற திரவம் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வையுங்கள். ஆல்கஹால் எதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிரித்தறிவது கஷ்டமே இல்லை. லேபிளில் 78 என்று இருந்தால் அரக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கனக்கும், வளையாது, நகத்தால் சுண்டினால் பீங்கான் தட்டைச் சுண்டியது போலக் கேட்கும், விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். வினைல் லேசாக வளையும், சுண்டினால் சத்தம் மந்தமாக இருக்கும்.

அரக்குத் தட்டைக் கழுவ நான் இப்போது செய்வது இதுதான். சாதாரண நீர், வெந்நீர் கூடாது. பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு இரண்டே சொட்டு. மெல்லிய பிரஷ்ஷால் வரி ஓடுகிற வட்டத்திலேயே, குறுக்கே போகாமல். லேபிளில் ஈரம் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொள்வேன். ஊறப்போடுவது கிடையாது. பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீரால் ஒரு அலசு, உடனே பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திவிடுவேன். ஒரு தட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

அந்த நாதஸ்வரத் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஆலாபனையை இணையத்தில் தேடி எடுத்துக் கேட்டுவிட்டேன். என் கையிலிருந்த தட்டில் அதை ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

பளபளப்பை நம்புவது

கீறல் விழுந்த ரெக்கார்டு என்று பேச்சுவழக்கிலேயே சொல்லிப் பழகிவிட்டதால், எல்லாரும் கீறலை மட்டும் தேடுகிறார்கள். கீறல் பெரிய விஷயமே இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்கும், அவ்வளவுதான். முள் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆழமாக இருந்தால் ஒழிய பாட்டு தப்பித்துவிடும். தப்பிக்காதது தேய்மானம். மழுங்கிய முள்ளை வைத்தே நூறு தடவை ஓட்டிய தட்டில் வரிகள் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருக்கும். குரல் உச்சத்துக்குப் போகிற இடங்களில் வெளுப்பு கூடுதலாகத் தெரியும். போட்டால் அந்த இடத்தில் குரல் கிழியும்.

இதை நேராகப் பார்த்தால் தெரியாது. தட்டைச் சூரியனுக்குச் சாய்வாகப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். வெளிச்சம் வரிகளின் மேல் கோடாக ஓட வேண்டும். ஓடாமல் செத்துப்போகிற வளையம் இருந்தால் வைத்துவிடுங்கள். சிலர் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் தட்டைக் கன்னங்கரேலென்று மின்னவைத்து அடுக்கியிருப்பார்கள். விரலைத் தேய்த்துப் பார்த்தால் பிசுக்கு ஒட்டும்.

இதற்கு நேர்மாறாக, வெள்ளையாகப் புள்ளி புள்ளியாய்ப் பூசணம் பிடித்த தட்டை யாரும் தொடுவதில்லை. கடற்கரை ஊரில் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் பூசணம் வரத்தான் செய்யும். அதில் பாதிக்கு மேல் கழுவினால் போய்விடும். என்னிடம் இருப்பதில் நன்றாகப் பாடுகிற பல தட்டுகள், பூசணம் என்று மற்றவர்கள் ஒதுக்கியவை.

பித்தளைக் குழாய் கிராமபோன்

சந்தையில் இருப்பது பெரும்பாலும் பழசு மாதிரி புதிதாகப் பூட்டியது. வாங்காதீர்கள்.

முள்ளைக் கவனிக்காதது

78 தட்டின் பள்ளம் அகலம், எல்பியின் பள்ளம் குறுகல். 78க்கு முள்ளின் நுனி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு இருக்க வேண்டும். எல்பிக்கு ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. எல்பி முள்ளை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கிற குப்பையில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும். தட்டு கெட்டுப்போச்சு என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஹெச்எம்வி ஃபியஸ்டா மாதிரி பழைய ப்ளேயர்கள் சிலவற்றில் முள்ளின் பக்கத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கும். அதைத் திருப்பினால் 78க்கு ஒரு முள், எல்பிக்கு ஒரு முள். வாங்கும்போது இரண்டு பக்கமும் முள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்று உடைந்திருக்கும்.

அப்புறம், சாவி கொடுக்கிற கிராமபோனில் எல்பியைப் போடவே போடாதீர்கள். நல்ல டர்ன்டேபிளில் தட்டின் மேல் அழுத்துகிற எடை இரண்டு, மூன்று கிராம். சாவி கிராமபோனில் நூறு கிராமைத் தாண்டும், அதுவும் எஃகு முள்ளோடு. ஒரே ஓட்டத்தில் எல்பி உழுத வயலாகிவிடும். 78 தட்டையே அதில் போடுவதானால் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதுதான் கணக்கு. முள் டப்பாவைச் சிக்கனம் பார்த்தால் தட்டு வெளுக்கும்.

வெயில்

எல்பியும், ஈபி என்கிற சின்னத் தட்டும் பிளாஸ்டிக். கருப்பு நிறம் வேறு. பதினோரு மணி வெயிலில் தார்ப்பாயின் மேல் கிடந்த தட்டு வடகம் மாதிரி நெளிந்திருக்கும். விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைவிட மோசம், நல்ல தட்டாகப் பார்த்து வாங்கி, வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. நான் அப்படிப் போய் மூன்று எல்பிகளை இழந்தேன். கண்ணாடிக்கு அடியில் வைத்து நிமிர்த்திவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு ஒன்றுகூட முழுசாக நிமிரவில்லை.

உறையைப் பார்த்துக் காசு கொடுப்பது

உருவிப் பாருங்கள். உள்ளே இருப்பது வேறு படத்தின் தட்டாக இருக்கலாம்.

பழசு என்றாலே விலை என்று நினைப்பது

கடைக்காரர் முன்னால் போனை எடுத்து, ரெக்கார்டு விற்கிற இணையதளமான டிஸ்காக்ஸில் என்ன விலை போட்டிருக்கிறான் என்று தேடுகிறார்கள். அங்கே விற்பவர் எழுதி வைத்த விலை ஒன்று, கடைசியாக விற்ற விலை ஒன்று. முதலாவதைப் பார்த்து நீங்கள் மயங்குவதும் ஆபத்து, உங்கள் முகத்தைப் படித்துக் கடைக்காரர் விலையை ஏற்றுவதும் ஆபத்து. வருஷம் மட்டும் விலையைத் தீர்மானிக்காது. ஓடிய படத்தின் பாட்டுத் தட்டு வீட்டுக்கு வீடு இருந்தது. அது இன்றும் கிடைக்கும். பெயர் தெரியாத பாடகியின் தனிப்பாடல், மேளம் மட்டும் வாசித்த தட்டு, நாடகப் பாட்டு, இவைதான் திரும்பக் கண்ணில் படாதவை. லேபிளில் இருக்கிற ஹெச்எம்வி நாய்ப் படத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே எழுதியிருக்கும் பெயர்களைப் படியுங்கள்.

அடுக்கித் தூக்குவது

பத்துக்கு மேல் வேண்டாம். படுக்கவைக்கவும் வேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது

சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததற்கு முன்னால் பழைய தட்டு வேண்டுமென்றால் அங்கே போனால் போதும் என்பார்கள். பிறகு சென்ட்ரல் பக்கத்திலேயே கட்டிய வளாகத்துக்குக் கடைகள் போயின. இன்றும் அங்கே தட்டு கிடைக்கிறது. ஆனால் தரம் பிரித்து, விலை தெரிந்து வைத்திருப்பார்கள். சந்தைக்கு வருவது வேறு சரக்கு. ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பரண் காலியாகிறது. காயலான் கடைக்காரர் எடைக்கு வாங்குகிறார். அவரிடமிருந்து இரண்டு மூன்று பேர் பிரித்து எடுத்துச் சந்தையில் விரிக்கிறார்கள். ஆக, ஒரு நல்ல தட்டு உங்கள் கைக்கு வந்தால் அதன் உடன்பிறப்புகள் அந்தச் சந்தையிலேயே வேறு தார்ப்பாயில் கிடக்க வாய்ப்பு அதிகம். "அண்ணே, இது எந்த வீட்டுச் சரக்கு? மிச்சம் யாருகிட்ட இருக்கு?" இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். பேரம் முடிந்து காசு கொடுத்த பிறகு கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள்.

நான் ஒருமுறை கேட்காமல் வந்தேன். கோவலன் நாடக செட்டில் நாலு தட்டு கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு நாடகத்தையே பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து, செட்டாக விற்றார்கள். லேபிளில் பாகத்தின் எண் வரிசையாக இருக்கும். நாலாவது தட்டின் பின்பக்கத்தில் எட்டாம் பாகம் என்று இருந்தது. மழை வருகிற மாதிரி இருந்ததால் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ராத்திரி போட்டுக் கேட்டால், கண்ணகி மதுரைக்குள் நுழைகிறாள், தட்டு முடிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஓடினேன். "அட, இன்னும் ரெண்டு இருந்துச்சே. நீங்க கேக்கல, அன்னைக்கே வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார் கடைக்காரர். ஒன்பதாம் பாகத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.