பள்ளி வாயால் சொன்ன மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைக்கு உதவி கேட்கும்போது பள்ளி வாயால் மறுத்தாலோ "பார்க்கலாம்" என்று இழுத்தாலோ, மேல்முறையீட்டுக்கு அது உதவாது. எழுத்தில் ஒரு முடிவு வேண்டும். வாயால் மறுத்திருந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபோது தனி உதவியாளர் தர இயலாது என்றீர்கள். காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்." பதில் வந்ததும் மேல்முறையீட்டுக்கான கெடுவை விசாரித்துக் குறித்துவையுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடும் பெற்றோர் பலர்; பாவம், அவர்கள் நம்பியதுதான் காரணம்.

குழந்தைக்கு என்ன உதவி என்று பள்ளி எழுதித் தரும் கல்வித் திட்டத்தில் "தேவைப்படும்போது உதவி" என்றிருந்தால் சம்மதிக்காதீர்கள். "பேச்சுப் பயிற்சி, வாரம் 2 முறை, 40 நிமிடம், தனியாக" என்று திருத்தச் சொல்லுங்கள். அளவு குறிப்பிடாத வாக்குறுதி மீறப்பட்டதை நிரூபிப்பது மிகக் கடினம்.

மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரை நாடினால், நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் ஒரே பக்கக் குறிப்பை முதலில் கொடுங்கள். குழந்தையின் மதிப்பீட்டு அறிக்கைகள் அதன் பின்னே இருக்கட்டும்.