மாத்திரையைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாதீர்கள்

விடுமுறைக்குக் கீழக்கரைக்கு வந்திருக்கும் இந்த நாட்களில், அமெரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் இரண்டு குடும்பத்தினர் என் மகனைப் போலவே தங்கள் பிள்ளைக்கும் ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு, இருப்பதாகத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்கள். துபாயில் இருக்கும் உறவினர்கள் கற்றுத்தந்த வழக்கங்களை நம்பி அமெரிக்காவுக்குப் போய் நான் பட்ட பாட்டை அவர்களும் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பள்ளிச் சேர்க்கை எளிதுதான். தடுப்பூசிச் சான்றையும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மதுரை மருத்துவரின் அறிக்கையையும் கையில் வைத்திருங்கள். அந்த அறிக்கை மட்டும் போதாது. அங்குள்ள குழந்தை மருத்துவர் பிள்ளையின் கவனத்தையும் நடத்தையையும் பற்றிய, வாண்டர்பில்ட் எனப்படும் கேள்வித்தாளை உங்களிடமும் வகுப்பாசிரியரிடமும் நிரப்பக் கேட்கலாம்.

இனி, என்னைச் சுட்ட விஷயம். ஊரில் மதிய மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து, "டீச்சர், சாப்பிட்டதும் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கள்" என்று வாசலில் சொல்லிவிட்டு வருவோம். அதையே அங்கும் செய்தேன். மகன் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதையோ வேடிக்கை பார்க்க, பக்கத்துப் பிள்ளை அதை எடுத்துப் பார்த்திருக்கிறது. அந்த மாத்திரையில் இருக்கும் மெத்தில்ஃபெனிடேட் அந்நாட்டுச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணையில் உள்ள கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஒன்பது வயதுப் பிள்ளையைப் போதைப்பொருள் விதியின்கீழ் மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சேர்க்கையன்று தந்த தடித்த கையேட்டில் இது இருந்ததாம். வாயைத் திறந்து ஒருவர் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

முறை இதுதான்: மருத்துவரும் நீங்களும் கையெழுத்திட்ட படிவத்துடன், மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய அசல் புட்டியை நீங்களே கொண்டுபோய்ப் பள்ளிச் செவிலியரிடம் கொடுத்து, உங்கள் முன்னிலையில் மாத்திரைகளை எண்ணச் செய்து, எண்ணிக்கையை இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அதைப் பூட்டிவைத்து வேளைக்குக் கொடுப்பார். பள்ளிக்கென்று சீட்டு ஒட்டிய இன்னொரு புட்டியை மருந்துக்கடையில் கேட்டு வாங்கலாம். மருத்துவர் எழுதிய பழைய மருந்துச்சீட்டைக் காட்டி மறுபடி வாங்க இந்த மருந்துக்குச் சட்டம் இடம் தராததால், கையிருப்பு தீருமுன் புது மருந்துச்சீட்டுக்கு மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். செவிலியர் எல்லாப் பள்ளியிலும் எல்லா நாளும் இருப்பதில்லை. அவர் இல்லாத நாளிலும் சுற்றுலா நாளிலும் யார் கொடுப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அந்தச் செவிலியர்தான் மகன் மதியம் எதையும் தொடுவதில்லை என்று முதலில் சொன்னார். மருந்து பசியை அடக்கும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பே இட்லியும், மாலையில் வந்ததும் சோறும் என்று மாற்றினேன். மாமி ஃபோனில் ஏர்வாடி தர்காவுக்கு வந்து தங்கச் சொன்னார். போனேன், என் மனம் ஆறியது. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

முன்வரிசை இருக்கை, தேர்வில் கூடுதல் நேரம் போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான 1973 ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவின்கீழ் பள்ளிக்குத் தேதியிட்ட கடிதம் எழுதிக் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. மாத்திரை கொடுத்தால்தான் வகுப்பில் சேர்ப்போம் என்று அரசுப் பள்ளி நிபந்தனை போடக்கூடாது என்பதும் 2004 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டு முடிவில் மீதி மாத்திரைகளை நீங்களே போய் எண்ணி வாங்குங்கள். வாங்காமல் ஊருக்கு விமானம் ஏறினால் அவற்றை அழித்துவிடுவார்கள்.